எங்கள் ஊர் தலைவெட்டிக் கோயிலும் என் நைனாவின் கேள்வியும்

போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய ரயில்வே குவார்ட்டர்ஸ் தாண்டி, புளியமரங்களுக்கு நடுவே இருக்கிற அந்தக் கட்டடம். ‘இங்கே சாத்தானைக் கும்பிடுகிறார்கள், இடித்துத் தள்ளணும்’ என்று கீழே எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அது ஃப்ரீமேசன் லாட்ஜ். ஃப்ரீமேசன் என்பது ஒரு பழைய சகோதரச் சங்கம், மேசன் என்றால் கொத்தனார். ரூம் வாடகைக்கு விடுகிற லாட்ஜ் இல்லை. தங்கள் சங்கத்தின் கிளைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஊர் ஜனங்களுக்கு அது எப்போதும் தலைவெட்டிக் கோயில்தான். ராத்திரியில் கோட்டுப் போட்ட ஆட்கள் வருவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், வாசலில் ஒருவர் உருவிய வாளோடு நிற்பார். வெளியாள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள ஒரு காவல், அவ்வளவுதான். ஆனால் இருட்டில் வாளைப் பார்த்தவன் வேறு என்ன பெயர் வைப்பான்? சோறு தின்ன அடம்பிடித்தால், ‘தலைவெட்டிக் கோயில்ல உட்டுட்டு வந்துடுவேன்’ என்பாள் எங்கள் ஆயா.

1988 மழையில் அந்த மாடி ஒழுகியது. பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதற்கு மேல் நெட்டுக்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதை ஒழுங்காகப் போடத் தெரிந்த கொத்தனார்கள் அப்போதே குறைவு. என் நைனாவை, அதாவது அப்பாவை, கூப்பிட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, லீவு, கூடவே போனேன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. என் அம்மாவும் ஐந்தாறு சித்தாள் பெண்களும் வரிசையாகக் குந்தி, அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் மூன்று நாள் தளத்தை அடித்தார்கள். அம்மாவின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

நீர் இறங்கிய சுவரைப் பார்க்க நைனாவை ஹாலுக்குள் விட்டார்கள். நானும் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. கிழக்கே படி ஏறினால் ஒரு பெரிய நாற்காலி. அதற்கு மேலே மூலைமட்டமும் கவராயமும் ஒன்றின் மேல் ஒன்றாக. மேற்குப் பக்க நாற்காலியில் ரசமட்டம் செதுக்கியிருந்தது, தெற்குப் பக்கத்து நாற்காலியில் தூக்குக்குண்டு. ஓரத்தில் இரண்டு கல். ஒன்று உடைத்தெடுத்த கரடுமுரடான கல், இன்னொன்று எல்லாப் பக்கமும் செதுக்கி மட்டம் பார்த்தது.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். ‘இன்னாடா இது, எல்லாம் நம்ம சாமானாச்சே!’

லாட்ஜ் செக்ரட்டரி ரயில்வேயில் ரிட்டயரானவர், தன்மையான மனிதர். ‘ஆமாம் மேஸ்திரி, எங்களுக்கும் மூணு படி உண்டு. முதல்ல தொழில் கத்துக்கறவன், அப்புறம் தொழில்காரன், கடைசியில மாஸ்டர்’ என்றார்.

‘அதான் சார். சித்தாளு, கொத்தனாரு, மேஸ்திரி.’

‘அதேதான்!’

‘அப்போ உங்கள்ல கொத்தனாரு யாரு சார்?’

அவர் பதில் சொல்லவில்லை. எங்களுக்குக் காபி வரவழைத்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிறகு நான் இந்தச் சங்கத்தின் வரலாற்றைப் படித்தேன். பிரிட்டனில் தேவாலயம் கட்டிய நிஜக் கல்தச்சர்களின் கூட்டம் இது. நாளாக ஆகப் பிரபுக்களும் படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தலைமைச் சங்கம் அமைத்தன. கல் உடைத்தவர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள், அவர்களின் கருவிகள் மட்டும் அடையாளமாகத் தங்கின. இன்றைக்கும் இவர்கள் சடங்கில் நடிக்கிற கதையின் நாயகன் சாலமோன் கோயிலைக் கட்டிய தலைமை மேஸ்திரி ஹீராம்தான்.

கல்கத்தாவுக்கு இது 1730 வாக்கிலேயே வந்துவிட்டது, சென்னைக்கு 1752ல். ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். 1770களில் நம் திருச்சியில் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உமராவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் நவாப் மகன், கதவு திறந்தது. வங்காளத்தில் ஓர் இந்து உள்ளே போக அதற்கப்புறம் நூறு வருஷம் ஆனது. பி. சி. தத் என்பவர் பல வருஷ எதிர்ப்பைத் தாண்டி 1872ல்தான் சேர முடிந்தது. 1884ல் அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தார். பின்னாளில் அவர்தான் விவேகானந்தர். சாத்தான் என்று எழுதியவர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். கடவுள் நம்பிக்கை இல்லாதவரை இவர்கள் சேர்ப்பதே இல்லை. கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒரே மேஜையில் இருக்கும். உள்ளே மதச் சண்டையும் அரசியலும் பேசக்கூடாது என்பது விதி.

எங்கள் பக்கத்துக்கு இது ரயிலோடு வந்தது. ராயபுரத்தில் 1856ல் முதல் வண்டி கிளம்பியது, 1871ல் வடமேற்குப் பாதை ராய்ச்சூரைத் தொட்டது. வழி நெடுக வெள்ளைக்கார அதிகாரிகளும் ஆங்கிலோ இந்திய டிரைவர்களும் கார்டுகளும் குடியேறினார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் போப் 1738லேயே தடை போட்டிருந்தார். 1947க்குப் பிறகு பாதிப்பேர் கப்பலேறினார்கள். காலியான நாற்காலிகளில் நம் டாக்டர்கள், வக்கீல்கள், ஜவுளி வியாபாரிகள் உட்கார்ந்தார்கள்.

இந்த லாட்ஜின் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதற்கப்புறம் வருகிறது. 1953ல் ஆந்திரா பிறந்தபோது எங்கள் ஊர் இருக்கிற சித்தூர் மாவட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி திரும்பியது, எங்கள் ஊர் திரும்பவில்லை. கடைப் பலகையில் இருந்து ரேஷன் கார்டு வரை மொழி மாறியது. அக்கா ஒரு மாநிலம், தங்கை ஒரு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் எத்தனை! 1961 நவம்பர் 24ல் இந்தியத் தலைமைச் சங்கம் உருவானபோது தெற்கே எல்லா மாநிலமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே பிரிவில் நின்றன. தமிழரும் தெலுங்கரும் முறைத்துக்கொண்ட அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ‘பிரதர்’ என்று கூப்பிட்டு ஒரே பந்தியில் சாப்பிட்ட இடம் எங்கள் ஊரில் அது ஒன்றுதான். அதற்காகவே அந்தக் கட்டடத்தை இடிக்க விடமாட்டேன்.

ஆனாலும் நைனா கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன், நவாப் மகன், வக்கீல், வியாபாரி என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு விரற்கடை திறந்த கதவு கொத்தனாருக்குத் திறக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. யாரையும் தேடிப்போய்க் கூப்பிடக்கூடாது, விருப்பமுள்ளவரே வந்து கேட்க வேண்டும் என்பது அவர்களின் பழைய வழக்கம். சாரத்தில் நிற்கிறவனுக்கு, தானும் போய்க் கேட்கலாம் என்பது எப்படித் தெரியும்? இதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன். தலைவெட்டி, சாத்தான் என்ற வதந்தி எல்லாம் அந்த மௌனத்தில் வளர்ந்ததுதான்.

என் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களும் சேரும் தனிச் சங்கம் ஒன்றை அன்னி பெசன்ட் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், அது எங்கள் ஊர் வரை வரவில்லை. ஆனால் அந்த லாட்ஜின் தளத்தை அடித்தவள் என் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இப்போது அங்கே பதினைந்து பேர்கூட இல்லை, பலரும் எழுபது தாண்டியவர்கள். பழைய கூட்டக் குறிப்பேடுகள் தேக்கு பீரோவில் இருக்கின்றன, அடியில் கரையான் ஏறிவிட்டது. முதலில் அதையெல்லாம் ஸ்கேன் செய்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். செலவு என்னுடையது. இந்த ஊரில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டேன். விண்ணப்பம் கொடுத்தார்கள். என்னை முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் கிடைத்திருக்கிறார்கள். இனி ஓட்டுப் பெட்டி சுற்றி வரும், சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, இல்லையென்றால் கறுப்பு. தொழில் என்ற இடத்தில் ‘கட்டட ஒப்பந்ததாரர்’ என்று போடச் சொன்னார் ஒரு நண்பர். நான் ‘கொத்தனார்’ என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.