மழையில் பால் கலக்கவில்லை

‘சிங்கிங் இன் த ரெயின்’ (1952) படத்தில் ஜீன் கெல்லி குடையை மடக்கிவிட்டு ஆடுவாரே, அந்த மழையில் தண்ணீரோடு பால் கலந்தார்கள் என்று ஒரு துணுக்கு. பழைய ஹாலிவுட் பற்றி யார் எழுதினாலும் பின்னூட்டத்தில் நாலு பேர் வந்து இதை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய்.

மழை லேசில் ஃபிலிமில் விழாது என்பது மட்டும் உண்மை. முன்னாலிருந்து விளக்கடித்தால் ஒளி துளியை ஊடுருவிப் போய்விடும், திரையில் ஒன்றும் தெரியாது. துளிக்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி அடித்தால் ஒவ்வொரு துளியும் மின்னும். பின்னணி இருட்டாக இருந்தால் மழை கோடு கோடாக நிற்கும். வித்தை அவ்வளவுதான். பால் ஊற்றினாலும் பின்விளக்கு வேண்டும். பின்விளக்கு இருந்தால் பால் எதற்கு?

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருந்தது. படமெடுத்தது எம்ஜிஎம் ஸ்டூடியோவின் திறந்தவெளித் தெருவில். பகலில் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி இரவாக்கினார்கள். தெரு நெடுகக் கடைக் கண்ணாடிகள். பின்விளக்கை வைக்கவும் வேண்டும், அது எந்தக் கண்ணாடியிலும் தெரியவும் கூடாது. கெல்லி எங்கே கால் வைத்துத் தண்ணீரை வாரி அடிக்கப் போகிறார் என்று கணக்குப் பார்த்து, அந்தந்த இடத்தில் தரையைத் தோண்டிக் குட்டை அமைத்தார்கள். இத்தனைக்கும் அவருக்கு 103 டிகிரி காய்ச்சல். போட்டிருந்த கம்பளி சூட் வேறு நனைய நனையச் சுருங்கியது.

என் கட்சி இதுதான்: ஒரு சினிமாத் துணுக்கை நம்புவதற்கு முன் அதைப் படப்பிடிப்புத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். எந்தக் கேமரா, எவ்வளவு வெளிச்சம், யாருக்கு எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம், செய்தியை முதலில் வெளியே விட்டது யார்? பாதித் துணுக்குகள் அங்கேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் பொய்யைவிட ருசியாக இருக்கும்.

அந்த மழையை ஒளிப்பதிவு செய்தவர் ஹெரால்ட் ராஸன். பதின்மூன்று வருஷம் முன்னால் இதே எம்ஜிஎம்மில் ‘தி விஸார்ட் ஆஃப் ஓஸ்’ (1939) படத்துக்கும் அவர்தான் கேமரா. துணுக்குகள் மொய்க்கும் படம் அது. அதைப் புரிந்துகொள்ள ஒரே சாவி, அந்தக் கால வண்ணப்பட முறையான டெக்னிகலரின் கேமரா.

அந்தக் கேமராவுக்குள் ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் ஓடும். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் முப்பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு நேரே போய்ப் பச்சையைப் பதியும். மற்றது பக்கவாட்டில் திரும்பி, ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் இரண்டு ஃபிலிம்களில் விழும். முன்னது நீலத்தைப் பிடிக்கும், பின்னது சிவப்பை. பிறகு லேபில் அச்சகத்தில் வண்ணப்படம் அடிப்பதைப் போல மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சை கலந்த நீலம் என மூன்று சாயங்களை ஒரே ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். டெக்னிகலர் கம்பெனி கேமராவை விலைக்குத் தராது, வாடகைக்குத்தான். கூடவே கம்பெனியின் ஆளும் வருவார், எந்த நிறத்தில் உடுப்பு, சுவர் என்று சொல்ல வண்ண ஆலோசகரும் வருவார்.

ஒளியை இப்படிப் பங்கு போட்டால் ஒவ்வொரு ஃபிலிமுக்கும் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அதனால் தளம் முழுக்கக் கண்ணைக் கூசவைக்கும் ஆர்க் விளக்குகள். ‘ஓஸ்’ தளத்தில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. அந்தச் சூட்டில் சிங்க வேஷம் போட்ட பெர்ட் லார் நிஜச் சிங்கத் தோலில் தைத்த, 40 கிலோ அளவுக்கு எடையுள்ள உடுப்போடு நின்றார். கோழைச் சிங்கம் வியர்த்து வழிவது நடிப்பு மட்டுமில்லை.

கதாநாயகி டோரத்தியின் (ஜூடி கார்லாண்ட்) செருப்பு மூலக் கதையில் வெள்ளி. திரைக்கதை எழுதிய நோயல் லாங்லி சிவப்பாக மாற்றினார். வண்ணத்துக்கு இத்தனை செலவு செய்துவிட்டு மஞ்சள் செங்கல் பாதையில் சாம்பல் நிறச் செருப்பையா நடக்கவிடுவார்கள்? ஆனால் செருப்பில் தைத்த ஜிகினா ரத்தச் சிவப்பு அல்ல, கறுத்த சிவப்பு. பளிச்சென்ற சிவப்பு டெக்னிகலரில் ஆரஞ்சாக விழுந்துவிடும். மரத் தளத்தில் ஆடும்போது டக்டக்கென்று சத்தம் வராமலிருக்க அடியில் கம்பளித் துணி ஒட்டினார்கள். இதில் ஒரு ஜோடி 2005இல் மின்னசோட்டாவில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய் 2018இல் மீட்கப்பட்டது. கல் நிஜ மாணிக்கம் என்று நினைத்துத் திருடினானாம் அந்த ஆள். அவன் நினைத்ததிலும் அர்த்தம் இல்லாமல் போகவில்லை. அதே ஜோடி 2024 டிசம்பரில் கட்டணங்கள் சேர்த்து 3.25 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த தகவல் கதவுக் காட்சிதான். படம் பழுப்பு நிறத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் பழுப்பு வீட்டுக்குள்ளிருந்து டோரத்தி கதவைத் திறக்கிறாள், வெளியே முழு வண்ண உலகம். இதைப் பார்த்தவர்கள் ஃபிலிமில் ஏதோ ஒட்டு வேலை என்று எழுதுகிறார்கள். ஒட்டும் இல்லை, ரசாயனமும் இல்லை. அந்த ஷாட் முழுக்க டெக்னிகலரில் எடுத்தது. வீட்டின் உட்சுவருக்கும் கதவுக்கும் பழுப்புப் பெயின்ட் அடித்தார்கள். கதவைத் திறப்பது ஜூடி கார்லாண்ட் இல்லை. பழுப்பு நிறத்தில் தைத்த அதே மாதிரி கவுன் போட்ட அவருடைய டூப், பாபி கோஷே. கதவைத் திறந்ததும் டூப் பின்வாங்க, நீலக் கட்டம் போட்ட கவுனில் நிஜ ஜூடி கேமரா முன்னால் வருகிறார். ஒரு டப்பா பெயின்ட், ஒரு கவுன், ஒரு டூப்.

சூறாவளியும் அப்படித்தான். முதலில் ரப்பரில் கூம்பு செய்தார்கள். ரப்பர் விறைப்பு, வளைந்து சுழலவில்லை, செலவு போனதுதான் மிச்சம். பிறகு தந்திரக் காட்சி நிபுணர் ஆர்னால்ட் கில்லஸ்பி, விமான நிலையத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயை மனத்தில் வைத்து 35 அடி நீளத்தில் மஸ்லின் துணியைத் தைத்தார். மேல்முனை நகரும் இரும்புச் சட்டத்தில் தொங்கியது, கீழ்முனை தரையில் வெட்டிய பள்ளத்தோடு ஓடியது. மேலும் கீழும் முல்தானி மட்டிப் பொடியை ஊதிப் புழுதி கிளப்பினார்கள்.

காட்டுக் காட்சியின் பின்னணியில் குள்ள நடிகர் ஒருவர் தூக்கில் தொங்குகிறார் என்பது இந்தப் படத்தின் மிகக் கேவலமான துணுக்கு. அது ஒரு பெரிய பறவை. காடு போலத் தெரிய மிருகக்காட்சிசாலையிலிருந்து பறவைகளை வாடகைக்குக் கொண்டுவந்து தளத்தில் விட்டிருந்தார்கள். ஒன்று இறக்கையை விரிக்கிறது. மங்கலான வீடியோ கேசட் காலத்தில் பிறந்த வதந்தி; தெளிவான பிரதி வந்த பிறகும் சாக மாட்டேன் என்கிறது.

இல்லாத மரணத்தைப் பரப்புகிறவர்கள் நடந்த விபத்துகளைப் பேசுவதில்லை என்பதுதான் என் கோபம். தகர மனிதனாக முதலில் நடித்தவர் பட்டி எப்சன். வெள்ளைப் பூச்சின் மேல் அலுமினியத் தூளைத் தூவி மேக்கப். தூள் மூச்சோடு நுரையீரலுக்குப் போனது. சில நாட்களில் மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அடுத்து வந்த ஜாக் ஹேலிக்குத் தூளைப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. எப்சன் குரல் மட்டும் ‘வீ ஆர் ஆஃப் டு சீ த விஸார்ட்’ பாட்டின் கூட்டுக் குரலில் தங்கிவிட்டது. 2003இல் 95 வயதில்தான் காலமானார்.

சூனியக்காரி மார்கரெட் ஹாமில்டனுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1938 டிசம்பர் 23. புகையும் நெருப்பும் எழ அவர் மறைய வேண்டும். உண்மையில் தரையில் உள்ள பொறிக்கதவு வழியே லிஃப்டில் கீழே இறங்க வேண்டும். முதல் டேக் சரியாக வந்தது, படத்தில் இருப்பதும் அதுதான். இன்னொன்று எடுத்தபோது அவர் முழுதாக இறங்குவதற்குள் நெருப்பு வந்துவிட்டது. முகமும் கையும் வெந்தன. பச்சை மேக்கப்பில் செம்பு கலந்திருந்ததால் புண்ணில் தங்கவிடக் கூடாது. வெந்த தோலின் மேலேயே ஆல்கஹால் வைத்துத் துடைத்தெடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பியவர் இனி நெருப்புக் காட்சி கிடையாது என்று சொல்லிவிட்டார். துடைப்பத்தில் புகை விடும் காட்சிக்கு டூப்பாக உட்கார்ந்த பெட்டி டாங்கோவுக்குக் கீழே புகைக் குழாய் வெடித்து அவருக்கும் காயம்.

மறுபடியும் ‘சிங்கிங் இன் த ரெயின்’ பக்கம் வந்தால், பின்னணிக் குரலில் ஒரு தலைகீழ். கீச்சுக் குரல் நடிகையான லீனாவுக்கு, டெபி ரெனால்ட்ஸ் நடிக்கும் பாத்திரம் இரவல் குரல் கொடுக்கிறது; கதை அது. நிஜத்தில் அங்கே கேட்கும் அழகான பேச்சுக் குரல் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்தக் குரல். ‘வுட் யூ’ பாட்டைப் பாடியதோ பெட்டி நாய்ஸ். இரவல் குரல் பற்றிய படத்தில் இரவல் கொடுப்பவருக்கே இரவல்!

‘சைக்கோ’ (1960) குளியலறைக் காட்சியில் ரத்தம் சாக்லேட் சிரப் என்பது மெய். கறுப்பு வெள்ளையில் நிறம் முக்கியமில்லை, கருமையும் கெட்டித்தன்மையும்தான் முக்கியம். கொலையாகும் பெண்ணாக நடித்த ஜேனட் லீ அலறியது ஐஸ் தண்ணீர் பட்டதால் என்பது பொய். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஷவரை நேர் கீழிருந்து காட்டும் ஷாட்டில் லென்ஸ் ஏன் நனையவில்லை என்று கேட்டால் அதுதான் நல்ல கேள்வி. பெரிதாக ஒரு ஷவர் செய்து, நடுவில் உள்ள துளைகளை அடைத்துவிட்டார்கள். தண்ணீர் கேமராவைச் சுற்றித்தான் விழுந்தது.

‘காசாபிளாங்கா’ (1942) நாயகனாக முதலில் ரொனால்ட் ரீகனைத்தான் போட்டிருந்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். 1942 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் விளம்பரப் பிரிவு நடிகர்கள் பெயர் பத்திரிகையில் அடிபட வேண்டுமென்று விட்ட செய்தி அது. தயாரிப்பாளர் ஹால் வாலிஸின் மனத்தில் இருந்தவர், கடைசியில் நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்தான். பியானோ வாசிக்கும் சாம் வேஷத்தில் வந்த டூலி வில்சன் டிரம்ஸ்காரர், பியானோ தெரியாது. கேமராவுக்கு வெளியே எலியட் கார்பென்டர் வாசிக்க, அவர் கையைப் பார்த்து இவர் விரலை அசைத்தார்.

‘ஆஸ் டைம் கோஸ் பை’ இந்தப் படத்துக்காக எழுதியதே இல்லை, ஹெர்மன் ஹப்ஃபெல்டின் 1931ஆம் வருஷப் பாட்டு. இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனருக்கு அது பிடிக்கவில்லை. எடுத்துவிட்டுத் தன் மெட்டைப் போட வேண்டும் என்றார். அதற்குப் பாட்டைப் பேர் சொல்லிக் கேட்கும் காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குள் நாயகி இங்க்ரிட் பெர்க்மன் பாராமவுன்ட்டில் அடுத்த படத்துக்காகத் தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டார். பாட்டு தங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்டைனர் அந்த மெட்டையே பிரித்துப் பிரித்துப் படம் முழுக்கப் பின்னணியில் பரப்பினார். அந்த இசைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.