அலாரம் வைப்பது அப்பா என்றால் ஓடுவதும் அப்பாதான்

பி.டி. மாஸ்டரிடம் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சார், பையன் எந்நேரமும் போனும் கையுமா கிடக்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பான்." காலையில் எழுந்து ஓடச் சொல்வேன். இரண்டு நாள் கேட்பான். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு நான் அவன் வீட்டில் இருக்க மாட்டேன். அப்பா எழுப்பிப் பார்ப்பார், அம்மா போர்வையை உருவுவார், அப்புறம் ஒருநாள் அவர்களுக்கும் சலித்துவிடும். அதோடு முடிந்தது.

நாங்களும் பிள்ளைகளை அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். விசில் அடித்தால் ஓடு, மறுபடி அடித்தால் நில். விசில் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று எந்தப் பீரியடிலும் சொல்லித்தரவில்லை. தன் நாளைத் தானே பார்த்து, தனக்கு எது தடை என்று கண்டுபிடித்து, நடுவில் விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது எப்படி என்பதும் ஒரு திறமைதான். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளிங் போல அதையும் பழக்கித்தான் ஆக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடம்பை அசைக்கச் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். ஆனால் 2016 வரையிலான தகவல்களை வைத்து அவர்கள் போட்ட கணக்கில், 11 முதல் 17 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகள் மட்டும் என்றால் 85. ஆக, இது உங்கள் பையனின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. உலகத்துக்கே உள்ள சிக்கல்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "எனக்கு நேரமே இல்ல சார்" என்றாள். நான் வாதாடவில்லை. "ஒரு வாரம் எந்த நேரத்துல என்ன பண்றேன்னு ரஃப் நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதும்மா, எனக்குக் காட்ட வேண்டாம்" என்றேன். அடுத்த வாரம் அவளே கொண்டுவந்து நீட்டினாள். பள்ளி விட்டு வீட்டுக்கு வருவதற்கும் டியூஷன் கிளம்புவதற்கும் நடுவில் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்தக் கட்டத்தில் எல்லாம் "சும்மா" என்று எழுதியிருந்தாள். ஏன் என்று அவளே சொன்னாள்: "வந்த உடனே நைட்டிக்கு மாறிடுவேன் சார். நைட்டி போட்டுட்டா அப்புறம் வெளிய போக முடியாது, படுத்துடுவேன்." பிடிபட்டுவிட்டது! யூனிஃபார்மை மாற்றியதும் நைட்டிக்குப் பதில் டிராக் பேன்ட் என்று முடிவு செய்தாள். முடிவு அவளுடையது. கட்டிலில் அதை எடுத்துவைத்துவிட்டுத்தான் காலையில் பள்ளிக்குக் கிளம்புகிறாள்.

இந்த மாதிரி ஒரு விஷயத்தை எந்தப் பயிற்சியாளராலும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நைட்டிதான் தடை என்று எனக்கு எங்கே தெரியும்?

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பலருடைய உற்சாகம் வடிவது இங்கேதான். "மழை சார்" என்று ஒரு வாரம் நிறுத்துவார்கள், வெயில் வந்த பிறகும் திரும்ப வர மாட்டார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதை மழை வருவதற்கு முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும். "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள், வெறுமனே "செய்யணும்" என்று நினைப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலேயே எழுதிவிட்டார். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி மழை நாளுக்கு முதலில் ஹாலில் ஸ்கிப்பிங் என்று எழுதினாள். கீழ் வீட்டு ஓனர் சத்தம் போட்டார். சரி, மாடிப்படி ஏறி இறங்குவது, கொஞ்சம் தோப்புக்கரணம், கொஞ்சம் பிளாங்க் என்று மாற்றிக்கொண்டாள். திட்டம் தோற்றால் ஆளை மாற்ற முடியாது, திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நடுவில் ஒருநாள் விட்டால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. இதை நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். நேற்று வரவில்லை என்று வெட்கப்பட்டே பாதிப் பேர் இன்றைக்கு வராமல் போகிறார்கள்.

குறிக்கோள் விஷயத்தில் பெற்றோருடன் எனக்குச் சண்டையே உண்டு. "அஞ்சு கிலோ குறைக்கணும் சார்" என்பார்கள், பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டே. வளர்கிற வயதில் எடை என்பது பிள்ளையின் கையில் முழுசாக இருக்கிற விஷயமா? வாரம் நான்கு நாள் மாலையில் மைதானத்துக்குப் போவது அதன் கையில் இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளட்டும். போகிற வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "என்னடா ஊதிட்ட" என்று சொல்வதை நிறுத்தினாலே பாதிப் பிள்ளைகள் தைரியமாக ஷார்ட்ஸ் போட்டு வெளியே வரும்.

அளக்க வாட்ச் எதுவும் வாங்க வேண்டாம். தினமும் 10,000 அடி எடுத்து வைக்கணும் என்கிறார்களே, அந்தக் கணக்கே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியிலிருந்து கிளம்பியதுதான். பயிற்சி செய்யும்போது பேச முடியணும், ஆனால் பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் நன்றாகவே ஓடுகிறார்கள் என்று அர்த்தம்.

அதற்காக எல்லாவற்றையும் பிள்ளை தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. அபார்ட்மென்ட் கீழே கார் நிற்கிறது, பக்கத்திலேயே "இங்கு பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு. இருக்கிற ஒரே மைதானத்தைப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு வளைத்துக்கொண்டால் பெண் பிள்ளை எங்கே ஓடுவாள்? பிளஸ் டூ வந்ததும் விளையாட்டு கட். பரீட்சை நேரத்தில் அதைக் கால் மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

பள்ளியிலும், "போர்ஷன் முடியல சார், உங்க பீரியடைக் கொடுங்க" என்று கேட்காத கணக்கு வாத்தியார் யாரும் இல்லை. கொடுக்காவிட்டால் ஸ்டாஃப் ரூமில் முகம் பார்க்க முடியாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் விசாரித்து முடித்த பிறகு, இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் நிஜமாக நடந்தது என்றும் கேளுங்கள். நாங்கள் கேட்டால் எடுபடாது, நீங்கள் கேட்டால் எடுபடும்.