பெட்டி என் காரில், வேலை வேறு யாருக்கோ

வேலூர் சத்துவாச்சாரியில் வண்டியை எடுத்து பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் அன்றைய டேட்டா காலி. 1.5 ஜிபி. காலையில் எழுந்ததிலிருந்து வாட்ஸ்அப்பைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. பாட்டு பென்டிரைவில் ஓடுகிறது, பிள்ளைகள் பின்சீட்டில் தூங்குகிறார்கள், மேப் மட்டும்தான் ஆன்லைன். மேப்புக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

ஆம்பூரில் கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு போனை நோண்டினேன். ஹாட்ஸ்பாட் என்ற வரியில் மட்டும் 1.3 ஜிபி நிற்கிறது. அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்திருந்தது ஒரே ஒரு ஜீவன்தான்: காரின் டேஷ்போர்டில் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. அன்றைக்குப் பந்தியில் பிரியாணியே இறங்கவில்லை என்று எழுத ஆசை. ஆனால் ஆம்பூர் பிரியாணி, இறங்கியது. எரிச்சலோடு இறங்கியது.

இந்தச் சனியனைப் போன தீபாவளிக்கு மாட்டினேன். ஸ்க்ரீன், பிரேம், ரிவர்ஸ் கேமரா, பிட்டிங் எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். நல்ல கம்பெனி செட் கேட்டால் மூன்று மடங்கு விலை சொன்னார்கள். "அதுல இன்னா சார் கீது, பேருக்குக் காசு. இதுல 4 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 13" என்றார் கடைக்காரர். மச்சானும் பக்கத்தில் நின்று "வாங்கிடுங்க மாமா" என்று ஏற்றிவிட்டான். வாங்கிவிட்டேன். கடைப்பையன் செட்டிங்ஸில் ஏதோ நான்கு இலக்க நம்பரை அடித்து உள்ளே போனான், வரிசையாக இருந்த கார் கம்பெனி லோகோக்களில் என் வண்டியுடையதைத் தேர்ந்தெடுத்தான். ஆன் செய்ததும் என் கார் கம்பெனியின் லோகோ கம்பீரமாக மின்னியது. எனக்கு ஒரே பூரிப்பு. கம்பெனியே மாட்டிக்கொடுத்த மாதிரி இருக்கிறது என்று வீட்டில் வேறு சொல்லிக்கொண்டேன். உள்ளே இருக்கும் சரக்கை யார் செய்தார்கள் என்று அட்டைப்பெட்டியில்கூட ஒரு பெயர் இல்லை. அதைக் கவனிக்கத் தோன்றவில்லை எனக்கு.

டேட்டா போனதோடு விட்டிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட்டிகோவில் நிறுத்தி வண்டியைத் துடைக்கும்போது பையன் உள்ளே உட்கார்ந்து வீட்டு வைஃபையில் கார்ட்டூன் பார்ப்பான். அந்த நாட்களில்தான் வீட்டு லேப்டாப்பில் எதைத் திறந்தாலும் "நீங்கள் ரோபோவா" என்று கேட்கும். டிராபிக் சிக்னலைக் காட்டு, படிக்கட்டைக் காட்டு, பைக்கைக் காட்டு. நெட் கம்பெனிக்காரன்மேல் கோபப்பட்டேன். ரவுட்டரை ஆப் செய்து ஆன் செய்தேன். ஒரு நாளும் காரின்மேல் சந்தேகம் வரவில்லை. வருமா? பாட்டுப் பெட்டிமேல் யாராவது சந்தேகப்படுவார்களா?

ஆம்பூரிலிருந்து வந்த ராத்திரி, கொசுக்கடியில் காருக்குள்ளேயே உட்கார்ந்து அதைக் குடைந்தேன். செட்டிங்ஸ் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆண்ட்ராய்டு 13. கருவியின் விவரத்தைத் தானே படித்துச் சொல்லும் ஒரு ஆப்பைப் போட்டால், ஏபிஐ லெவல் 29 என்கிறது. 29 என்றால் ஆண்ட்ராய்டு 10. அதாவது 2019-ல் வந்த சரக்கு. 13 என்பது செட்டிங்ஸ் பக்கத்தில் எழுதி ஒட்டிய நம்பர், அவ்வளவுதான். அதே ஆப்பில் ரேம் 2 ஜிபி. பிளே ஸ்டோரில் சுயவிவரப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் 'எபவுட்' வரை போனால் பிளே புரொடெக்ட் சான்றிதழ் என்று ஒரு வரி இருக்கும். அங்கே இந்தக் கருவிக்குச் சான்றிதழ் இல்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உங்களிடமும் இதே மாதிரி செட் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அப்புறம் 'அப்டேட்' என்ற பெயரில் ஒரு ஆப். அதை நீக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பட்டனே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது.

சரி, இது என் ஒருவன் கதையா என்று தேடினால், தலை சுற்றுகிறது. பேட்பாக்ஸ் என்ற பெயரில், வைரஸ் ஏறி வேறு யாருக்கோ வேலை செய்யும் கருவிகளின் கூட்டமே இருக்கிறதாம். 2023-ல் மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் கண்டுபிடித்தார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனி அரசின் சைபர் பாதுகாப்பு அலுவலகம் அந்த நாட்டில் மட்டும் 30,000 கருவிகளின் தொடர்பை வெட்டியது. அப்படியும் அடங்கவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட எச்சரிக்கையில் டிவி பெட்டி, புரொஜெக்டர், டிஜிட்டல் போட்டோ பிரேம் வரிசையில், தனியாக வாங்கிக் காரில் மாட்டும் இன்போடெயின்மென்ட் செட்டையும் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த மாதமே கூகுள் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் இதன் பிடியில் சிக்கியிருப்பதாக அதில் சொல்கிறது.

இதில் எனக்கு வயிறு எரிவது எந்த இடம் என்றால், நான் எந்தத் தப்பான லிங்க்கையும் அமுக்கியிருக்க வேண்டியதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருக்கலாம், இல்லாவிட்டால் முதல்முறை செட்டப் செய்யும்போது அது இறக்கச் சொல்லும் ஆப்போடு வரலாம். வந்தபின் அது செய்யும் முக்கிய வேலை, நம் நெட் இணைப்பை வாடகைக்கு விடுவது. எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் போலி அக்கவுன்ட் திறப்பான், திருடிய பாஸ்வேர்டுகளை முயன்று பார்ப்பான், யாருமே பார்க்காத விளம்பரத்தைக் கிளிக் செய்து காசு பார்ப்பான். வெளியே தெரிகிற முகவரி சத்துவாச்சாரியில் என் வீட்டு இணைப்பு. ரோபோவா என்று கேட்டானே, அது ஒரே இணைப்பிலிருந்து இந்த மாதிரி வேலைகள் நடப்பதைப் பார்த்ததும் வலைத்தளங்கள் கேட்கிற கேள்விதான். நாளைக்கு இதை வைத்து எவனாவது பெரிய மோசடி செய்தால், தேடிவரும் போலீஸ் முதலில் தட்டப்போவது யார் வீட்டுக் கதவை?

என் செட்டில் இருப்பது அதே பேட்பாக்ஸ்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பென்டிரைவில் பாட்டுப் பாடும் பெட்டி அரை மணி நேரத்தில் 1.3 ஜிபியை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது? யாராவது பதில் சொல்லட்டும்.

நாம் அதற்குத் தூக்கிக் கொடுத்திருப்பதையும் பாருங்கள். புளூடூத்தில் போனைச் சேர்த்ததும் கான்டாக்ட் லிஸ்ட் முழுக்க இறங்கிவிட்டது. கால் பேச ஸ்டீரிங் பக்கத்தில் ஒரு மைக். யூடியூப்புக்காக என் மெயில் ஐடி, பாஸ்வேர்டு. ஜிபிஎஸ் ஆன்டெனா வேறு. வீட்டுக்கு வரும் சொந்தக்காரரிடம்கூட இவ்வளவு ஒப்படைத்ததில்லை.

பிரேக்கைப் பிடித்துவிடுவான், ஸ்டீரிங்கைத் திருப்பிவிடுவான் என்று பயமுறுத்தும் வீடியோக்களும் சுற்றுகின்றன. 2015-ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடும் ஜீப்பைத் தூரத்திலிருந்தே பிடித்துக் காட்டியதும், 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் உண்மை. ஆனால் அது கம்பெனியே மாட்டிக்கொடுத்த செட். என் பழைய வண்டியில் இந்தப் பெட்டிக்குப் போவது கரன்ட், ஸ்பீக்கர், ஆன்டெனா, கேமரா ஒயர்தான். பிரேக் பக்கம் எதுவும் போகவில்லை. அந்த பயம் எனக்கு இல்லை. எனக்கு இருப்பது வெறும் ஆத்திரம்.

ஆத்திரத்தோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லாவைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஆண்ட்ராய்டுன்னா அப்டிதான் சார். ரீசெட் பண்ணிக்கினு ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது." ரீசெட்டில் நாம் போட்டது மட்டும்தான் போகும், பேக்டரியில் சிஸ்டத்தோடு சிஸ்டமாகப் போட்டு அனுப்பியது அப்படியேதான் இருக்கும் என்றேன். "அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு சார். உங்க காரை ஹேக் பண்ணி அவனுக்கு இன்னா கிடைக்கப்போவுது?" சரி, ஆண்ட்ராய்டு 13 என்று சொல்லி 10-ஐ விற்றீர்களே, அதற்கு என்ன பதில்? "மெட்ராஸ்லேர்ந்து வர்றத மாட்றோம் சார். நாங்களா செய்றோம்?" வாரன்டி கார்டை நீட்டினேன். டச் வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களாம், இதற்கெல்லாம் கிடையாதாம்.

கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நல்லது. மைக்கும் ஜிபிஎஸ்ஸும் நெட்டும் வைத்த ஒரு கம்ப்யூட்டரை இந்த ஊரில் எந்தக் கடையிலும் சீட் கவர் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டு போகலாம். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிவரும் டாக்சிகளில் எட்டிப் பார்த்தேன், பாதி வண்டிகளில் இதே ஸ்க்ரீன். அந்த டிரைவர்கள் ஹாட்ஸ்பாட் கொடுக்கும் அதே போனில்தான் ஜிபேயும் இருக்கிறது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமியாவது 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். இப்போது ஓனருக்குச் சொந்தமில்லாத ஸ்டீரியோவையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் வீட்டுக்கு வந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். பரணிலிருந்து வண்டியோடு வந்த பழைய செட்டை இறக்கினேன். எஃப்எம், யுஎஸ்பி, ஆக்ஸ், அவ்வளவுதான் அதில். மாட்டலாம் என்று பார்த்தால் போன தீபாவளிக்கு அந்தப் பையன் கம்பெனி கப்ளரை வெட்டி ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறான். திரும்பவும் அதே கடை வாசல். வெட்டியதை ஒட்டவைக்க 700 ரூபாய். கொடுத்தேன். ரேடியோ பாடியது. மூட்டை கட்டிக் கிளம்பும்போது பையன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"சார், அந்த 9 இஞ்ச்ச வீட்டுக்கு எடுத்துக்கினு போய் இன்னா பண்ணப்போறீங்க? குட்த்துட்டுப் போங்க சார், 2,000 தரச் சொல்றாரு ஓனரு. டாக்சிக்கு ஒருத்தர் கேட்டுக்கினு கீறாரு."