நாய்க்கு எதுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று கேட்டவர்களுக்கு

செத்துப்போன நம்ம தெருநாய்கள் நான்குக்கு நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியதும், அதைக் கிழித்துப் போட்டதும் எல்லோருக்கும் தெரியும், மறுபடி விளக்கப் போவதில்லை. கிழித்தது யார் என்பதும் தெரியும். கிழித்ததில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை, நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு எப்படியும் உரிந்துதான் போயிருக்கும். அதற்கப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த அண்ணன் போட்ட வாய்ஸ்தான் தாங்க முடியவில்லை. "மனுசனுக்கு ஒட்டுறதை நாய்க்கு ஒட்டி மனுசனை அசிங்கப்படுத்துறாங்க." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். தட்டியதில் பாதிப் பேர் என் கடையில் கடன் சொல்லி டீ குடிப்பவர்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. செத்துப்போன ஒரு நாயை நான் நினைத்தால், செத்துப்போன மனுசனுக்கு என்ன குறைந்துவிடும்?

நாம் இருப்பது இராமேஸ்வரம். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. செத்தவர்களை நினைப்பதற்கென்றே ஜனம் ரயிலேறி வருகிறது, அதில்தான் நம் ஆட்டோவும் லாட்ஜும் ஓடுகின்றன. தர்ப்பணத்தின் முடிவில், தாய் தகப்பன் சொந்தபந்தம் யாருமே இல்லாமல் போனவர்களுக்கென்று ஒரு கை தண்ணீர் விடச் சொல்வார்கள். நவம்பர் 2 வந்தால் தங்கச்சிமடம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி வைக்க இடமிருக்காது. காக்காவுக்குச் சோறு வைத்து "வாங்கப்பா" என்று கூப்பிடுகிறோம். நாய் மட்டும் அசிங்கம். சரி.

போஸ்டரில் இருந்த நான்கில் கிழவி என்ற நாயை உங்களுக்குத் தெரியும். வரும்போது கழுத்தில் மீன்பிடி நரம்பு வலைத் துண்டு ஒன்று இறுகிக் கிடந்தது. குட்டியில் மாட்டியிருக்க வேண்டும். கழுத்து பெருத்தது, வலை பெருக்கவில்லை. தோலுக்குள் புதைந்து, புழு வைத்து, கிட்டே போனாலே குமட்டும். நகவெட்டியால் ஒவ்வோர் இழையாக வெட்டி எடுத்தோம். வலி தாங்காமல் என் மணிக்கட்டைப் பல்லால் கவ்வினாள். கடிக்கவில்லை. கடைசி இழை வரும்வரை கவ்விக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். இவளுக்கு ஒரு போஸ்டர் ஒட்ட நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

"நாய் கடிக்குதே?" கடிக்கும். வெறிநோய் முற்றிவிட்டால் மனுசனும் பிழைப்பது இல்லை, நாயும் பிழைப்பது இல்லை. அந்தப் பயம் உங்களைவிட எனக்கு அதிகம், தினமும் அதுகளைத் தொடுகிறவள் நான்தான். அதனால்தான் போஸ்டரில் இருந்த நான்குக்கும் கருத்தடை செய்து ஊசியும் போட்டிருந்தோம். ஊசிக்கு நாங்கள் அலைந்தபோது இந்தக் குரூப் தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் காசை ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே?" பிரியாணி ஆர்டர் பண்ணும்போது இந்தக் கணக்கு யாருக்கும் வருவதில்லை.

"கடலில் மீனவன் சாகிறான், நீ நாய்க்கு அழுகிறாய்." இதை என்னிடமா சொல்கிறீர்கள்? என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடம்புகூடக் கிடைக்கவில்லை. கொள்ளி வைக்க முடியாமல் போட்டோவை வைத்துக் காரியம் செய்த வீடு எங்களுடையது. இழவு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர ஆள் கிளம்பிவிட்டது.

இன்னொரு அறிஞர், தமிழன் நாய்க்கெல்லாம் அஞ்சலி செய்ததில்லை என்கிறார். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த வீரனுக்குப் பக்கத்திலேயே, திருடரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் வெட்டிச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 வருடமாகிறது, இன்னும் யாரும் கிழிக்கவில்லை. போஸ்டரில் இருந்த நம்ம மீசையும் ராத்திரி முழுக்கக் கருவாட்டுக் களத்தில் காவல் கிடந்தவன்தான். யார் களம்? வாய்ஸ் போட்ட அண்ணனுடையது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஓடாது. மீன் இறங்காத இடத்தில் கழிவு ஏது? துறைமுகத்து நாய்கள் எலும்பெடுத்துத் திரியும், அப்போதுதான் குட்டிகள் கொத்தாகச் சாகும். 2017-ல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு, அந்த நேர் ரோட்டில் டூரிஸ்ட் கார்கள் பறக்கிற பறப்புக்கு போஸ்டரில் இருந்த இன்னொருவன், எங்கள் பார்சல், அடிபட்டுப் போனான். இதற்கெல்லாம் ஒரு வாய்ஸ் வந்ததா?

போன மாதம் அக்காள்மடம் பக்கம் ஒரு கிழட்டு லேப்ரடாரைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போனார்களே, அதற்காவது வந்ததா? பெல்ட்டோடு, கண்ணில் புரையோடு, போகிற ஒவ்வொரு வெள்ளைக் காருக்குப் பின்னாலும் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது என் கடையில்தான் கிடக்கிறது, கருவாட்டு வாசனைக்கே தும்முகிறது. இறக்கிவிட்ட புண்ணியவானை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுசனை மதிக்கத் தெரியாதவள் நான்தானாம்.