வாரத்துக்கு விட்ட நாய்

இனவிருத்தியாளர் பெண் நாய்க்குட்டியைப் பாதி விலைக்குத் தந்து, பின்னால் அது ஈனும்போது இரண்டு குட்டிகளை வாங்கிக்கொள்ளும் 'கூட்டு உரிமை' ஒப்பந்தத்தை, நான் படித்த கட்டுரை ஒன்று ஏகத்துக்கும் புகழ்கிறது. ஊரில் ஆட்டை வாரத்துக்கு, அதாவது குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சில், வளர்க்க விடுவது போலத்தான் இதுவும். ஆனால், ஆடு பிள்ளைகளின் கட்டிலில் படுத்து வளர்வதில்லையே!

செலவு யார் தலையில் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பிரசவத்தில் குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டு நள்ளிரவில் அறுவை சிகிச்சை என்றால் பணம் கட்டுபவர் வளர்ப்பவர். கண் திறந்ததும் நல்ல குட்டியாகப் பொறுக்க வருபவர் இனவிருத்தியாளர். எனக்குத் தெரிந்தவரின் லாப்ரடாருக்குக் கருப்பையில் சீழ் பிடித்தது. உடனே கருப்பையை எடுக்கச் சொன்னார் மருத்துவர். இனவிருத்தியாளரோ, "இன்னும் ஓர் ஈற்று பாக்கி இருக்கிறதே, மருந்தில் பார்க்கலாம்" என்றார். நல்ல வேளை, நண்பர் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனவிருத்தி விதிகளின்படி, இணை சேர்க்கும் பெண் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். 12 மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. 'ஒவ்வொரு சினைப்பருவத்திலும் இணை சேர்க்க வேண்டும்' என்று எழுதி நீட்டுபவரிடம் இதைக் காட்டுங்கள். ஒரே குட்டி பிறந்தால் அது யாருக்கு, எத்தனை ஈற்றுக்குப் பிறகு முழு உரிமை கைமாறும், கருத்தடை செய்ய யார் சம்மதம் வேண்டும் என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.