இருமினா ஹார்ட் அட்டாக் நிக்காதுங்க

"தனியா இருக்கும்போது நெஞ்சு வலி வந்தா பலமா இருமிக்கிட்டே இருங்க, பொழச்சுக்கலாம்"னு ஒரு ஃபார்வர்டு வருஷக்கணக்கா சுத்துது, நேத்து எங்க ஃபேமிலி குரூப்புலயும் மாமா ஒருத்தர் போட்டுட்டாரு. தப்புங்க.

ரெண்டு வேற வேற விஷயத்தை ஒண்ணா கொழப்பி வெச்சிருக்காங்க. ஹார்ட் அட்டாக்னா இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய்ல அடைப்பு, பெரும்பாலும் இதயம் துடிச்சிக்கிட்டுதான் இருக்கும், ஆளும் நினைவோட இருப்பாரு, எவ்ளோ இருமினாலும் அந்த ரத்தக்கட்டி கரையாது. கார்டியாக் அரெஸ்ட்னா துடிப்பே நின்னு மூளைக்கு ரத்தம் போகாம சில செகண்ட்லயே மயங்கி விழுந்துருவாங்க, அப்புறம் எங்க இருமறது?

முழுப் பொய்யும் இல்ல, அதான் சிக்கலே. ஆஸ்பத்திரில ஆஞ்சியோ பண்ணும்போது திடீர்னு துடிப்பு தாறுமாறா போனா, மானிட்டரை பாத்துக்கிட்டே டாக்டர் "இருமுங்க"ன்னு சொல்றது உண்டு. இருமும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி கொஞ்ச நேரத்துக்கு மூளைக்கு ரத்தம் போகும், அவ்ளோதான். அங்க ஷாக் குடுக்கற மெஷின் பக்கத்துலயே ரெடியா இருக்கும், நம்ம வீட்டு சோபா பக்கத்துல இருக்குமா? அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனும் இதை பொதுமக்களுக்கு பரிந்துரைக்கல.

நெஞ்சு இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவற வலி, குப்புனு வேர்வைன்னா உடனே 108, கதவை திறந்து வெச்சிட்டு உக்காருங்க, வண்டிய நீங்களே ஓட்டிட்டு போகாதீங்க. பக்கத்துல யாராச்சும் பேச்சு மூச்சில்லாம விழுந்தா 108 கூப்பிட்டுட்டு நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை அழுத்துங்க. மாமாகிட்டயும் சொல்லிட்டேன், மனுஷன் இன்னும் டெலீட் பண்ணல.