எலிசபெத் எக்ஃபோர்டு யாருக்காகவும் சிரிக்கக் கடமைப்பட்டவர் அல்லர்

நம் நட்பு வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த இரட்டைப் படத்தின் கீழே நான் இட்ட ஒரே ஒரு பின்னூட்டத்திற்கு வந்த பதில்களை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். ஆகவே யார் என்ன சொன்னார் என்று மறுபடி விவரிக்கப் போவதில்லை. கறுப்பின மாணவி எலிசபெத் எக்ஃபோர்டின் பின்னால் வெள்ளையின மாணவி ஹேசல் பிரையன் கத்தும் 1957-ஆம் ஆண்டுப் படத்தையும், இருவரும் சேர்ந்து நின்று சிரிக்கும் 1997-ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்து, 'மன்னிப்பின் மகத்துவம்' என்று தலைப்பிட்டு இதயக் குறிகளை அள்ளிக்கொண்ட அந்தப் பதிவில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொன்ன நான் 'கசப்பு பிடித்தவன்' ஆகிவிட்டேன். இருக்கட்டும், கசப்பாகவே சொல்கிறேன்.

1957 செப்டம்பர் 4 அன்று காலை, அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் உள்ள லிட்டில் ராக் நகரில், பதினைந்து வயது எலிசபெத் தன் கையால் தைத்த ஆடையை உடுத்திக்கொண்டு, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் சென்றார். அங்கே புதிதாகச் சேரவிருந்த ஒன்பது கறுப்பின மாணவர்களும் ஒன்றாகச் சேர்ந்து போவதென்று முந்தைய இரவு முடிவாகியிருந்தது. வீட்டில் தொலைபேசி இல்லாததால் அவருக்குத் தகவல் எட்டவில்லை. ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நிறுத்தியிருந்த மாநிலப் படையினர் வெள்ளையின மாணவர்களுக்கு வழிவிட்டு, இவர் வந்ததும் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள். பின்னால் கூச்சலிட்டுக்கொண்டு வந்த கூட்டத்தில் ஒரு மூதாட்டியின் முகம் கனிவாகத் தெரிந்ததால் எலிசபெத் அவரைப் பார்த்தார். அந்த மூதாட்டி அவர் மீது துப்பினார். இதுதான் பின்னணி. படத்தில் வாய் பிளந்து கத்தும் ஹேசல் பிரையன் அந்தக் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்ததும் அதுவே. நடந்தது இரண்டு சிறுமிகளுக்கு இடையிலான சண்டை அல்ல, பின்னாளில் இருவரும் கைகோத்துக்கொண்டால் முடிந்துபோவதற்கு. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்பளித்தும், ஒரு மாநில அரசு ஒன்பது பிள்ளைகளைத் தடுக்கப் படையை நிறுத்தியது. அவர்களை உள்ளே அழைத்துச் செல்ல அதிபர் ஐசனோவர் இராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவிலிருந்து 1,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்ப வேண்டியிருந்தது. செப்டம்பர் 25 அன்று ஒன்பது பேரும் உள்ளே போனார்கள், மங்களம் பாடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கதை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த எட்டு மாதங்கள் படிக்கட்டுகளில் தள்ளிவிடப்பட்டார்கள், உதைக்கப்பட்டார்கள், திருப்பி அடிக்கக் கூடாது என்ற கட்டளையோடு. திருப்பிப் பேசிய மினிஜீன் பிரவுன் 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கப்பட்டபோது, 'ஒன்று போயிற்று, இன்னும் எட்டு' என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள் சக மாணவர்கள். மே மாதம் எர்னஸ்ட் கிரீன் அப்பள்ளியில் படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவராக மேடையேறியபோது கைதட்டல் நின்றுபோனது.

ஹேசல் 1960-களிலேயே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார் என்பதை நான் மறைக்கவில்லை. அதைப் பலர் செய்யவில்லை, அவர் செய்தார், மரியாதைக்குரியது. 1997-இல், பழைய படத்தை எடுத்த அதே புகைப்படக்காரர் வில் கவுன்ட்ஸ் இருவரையும் அதே பள்ளியின் முன் நிற்க வைத்துப் படமெடுத்தார். 'நல்லிணக்கம்' என்ற பெயரில் அது சுவரொட்டியாக விற்றது. இருவரும் சில காலம் நண்பர்களாகவும் இருந்தார்கள். நீங்கள் பகிராத பகுதி இதற்குப் பிறகு வருகிறது. அந்த நட்பு சில ஆண்டுகளிலேயே முறிந்தது. கடந்த காலத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டால்தான் உண்மையான நல்லிணக்கம் வரும் என்ற பொருளில் எலிசபெத்தின் கூற்று ஒன்று, பிற்பாடு அச்சுவரொட்டியிலேயே ஒட்டப்பட்டது. தன் படத்தின் மீதே அப்படி ஒட்ட வேண்டியிருந்தவரின் பெயரால்தான் நீங்கள் எனக்கு மன்னிப்புப் பாடம் எடுக்கிறீர்கள்.

'படத்தில் அவரே சிரிக்கிறாரே, உங்களுக்கு என்ன வந்தது?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. படமெடுக்கும்போது சிரிப்பது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் விடுதி மாணவன். 'ஓசிச் சோறு' என்று தினமும் கூப்பிட்டவன் ஒருநாள் என் தட்டில் மண்ணை அள்ளிப் போட்டான். தலைமையாசிரியர் இருவரையும் தம் அறைக்கு அழைத்து, 'மன்னிப்புக் கேட்டுவிட்டான், கைகொடுடா' என்றார். கொடுத்தேன். 'பெரிய மனசு பாருங்கள்' என்று மற்ற ஆசிரியர்களிடம் சொன்னார், என்னைக் குறித்தல்ல, அவனைக் குறித்து. என் பள்ளி அனுபவத்தை லிட்டில் ராக்குடன் ஒப்பிடுகிறேன் என்று ஓடி வர வேண்டாம். துப்பாக்கியும் கும்பலும் என் வாசலில் நிற்கவில்லை. ஆனால் கைகொடுக்கும்போது உதடு தானாக விரியும், சுற்றி நிற்பவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பதை அன்றே கற்றுக்கொண்டேன்.

'பழையதைக் கிளறி என்ன பயன்?' என்பவர்களுக்கு எனக்குப் பொறுமை இல்லை. கிளறியது நானா? படத்தைப் பகிர்ந்தது நீங்கள். 'ஹேசல் மட்டும் வாழ்நாள் முழுக்கத் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?' என்ற கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒரு பள்ளி மாணவியின் முகத்தில் ஒரு நகரத்தின் பாவம் முழுவதையும் ஒட்டிவிட்டார்கள் என்பது உண்மைதான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நீங்கள் நகரத்தை அல்லவா விசாரிக்க வேண்டும்? எலிசபெத்தை ஏன் விசாரிக்கிறீர்கள், இன்னும் மனதில் வைத்திருக்கிறாரா, இன்னும் இறுக்கமாக இருக்கிறாரா என்று? பல ஆண்டுகள் மன அழுத்தத்தோடு வாழ்ந்தவரிடம் பெருந்தன்மைச் சான்றிதழ் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நகரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதால். அடுத்த கல்வியாண்டில் ஃபாபஸ் லிட்டில் ராக்கின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைவிடப் படிக்காமலே இருக்கட்டும் என்று. 1958 செப்டம்பரில் அதை வாக்கெடுப்புக்கு விட்டபோது இணைந்த கல்விக்கு ஆதரவாக 7,561 பேரும் எதிராக 19,470 பேரும் வாக்களித்தார்கள். ஃபாபஸ் தொடர்ந்து தேர்தலில் வென்று 1967 வரை ஆளுநராக இருந்தார். ஹேசல் ஒருவராவது தொலைபேசியை எடுத்தார். அந்த 19,470 பேரின் மன்னிப்பு எந்தச் சுவரொட்டியில் அச்சாகியிருக்கிறது?